படிவம் பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி: எங்கள் தென்னை உழவர் குழுவில் 310 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வெள்ளை ஈ பாதிப்பைக் கணக்கெடுக்கக் கூகுள் படிவத்தில் 34 கேள்விகள் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நாள்களில் வந்தவை 41 பதில்கள்தான். உள்ளே நுழையவே முடியவில்லை என்கிறார்கள் சிலர். பாதியில் அழைப்பு வந்தது, திரும்பிப் பார்த்தால் எழுதியதெல்லாம் போய்விட்டது என்கிறார்கள் சிலர். படிவத்தின் இணைப்பையும் நான் வைத்துள்ள அமைப்புகளின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். தவறு எங்கே?
வாசகி, பொள்ளாச்சி

பதில்: அம்மிணி, உங்கள் படிவத்தை என் மடிக்கணினியில் திறந்தேன், அழகாக இருந்தது. பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெயிலில் நின்று திறந்தேன். அப்போதுதான் உங்கள் உறுப்பினர்கள் பட்ட பாடு புரிந்தது.

முதல் தடை வாசலிலேயே இருக்கிறது. ஒருவருக்கு ஒரு பதில்தான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள். அதை வைத்தால் கூகுள் கணக்கில் நுழைந்த பிறகே படிவம் திறக்கும். மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் கடவுச்சொல் மகனுக்குத்தான் தெரியும். அவரோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். இன்னொன்றும் உண்டு: ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு தோப்பு, சித்தப்பாவுக்கு ஒரு தோப்பு, கைப்பேசி ஒன்று. அப்பா பதில் அனுப்பிவிட்டால் அதே கணக்கில் சித்தப்பாவுக்கு வழியில்லை. கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். உறுப்பினர் எண்ணை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். இரண்டு முறை வந்ததை விரிதாளில் நீங்களே களைந்துகொள்ளலாம். அந்த உழைப்பு உங்களுடையதாக இருக்கட்டும், உழவருடையதாக வேண்டாம்.

கட்டுப்பாட்டை எடுத்த பிறகும் வாசல் திறக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 29ஆம் கேள்வியில் பாதித்த ஓலையின் படத்தைப் பதிவேற்றச் சொல்கிறீர்கள். கோப்பு கேட்கும் கேள்வி ஒன்று இருந்தாலே கூகுள் கணக்கு கேட்கும். படத்தை வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். அது அவர்களுக்குக் கைவந்த வேலை.

எழுதியது அழிந்ததற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய அமைப்புகளின் படத்திலேயே தெரிகிறது. தானாகச் சேமிப்பதை முடக்கும் பொத்தானை நீங்கள் இயக்கி வைத்திருக்கிறீர்கள். சேமிப்பதற்கான பொத்தான் என்று நினைத்து அழுத்தியிருப்பீர்கள். அதை மாற்றினால், கூகுள் கணக்கில் இருப்பவர்களின் அரைகுறைப் பதில் 30 நாள்கள் வரை காத்திருக்கும். கணக்கில் நுழையாதவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே ஒரே மூச்சில் முடிக்கும் அளவுக்குக் கேள்விகளைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மரங்களின் எண்ணிக்கை, வயது, ரகம், பாதித்த மரங்கள், செய்த மருத்துவம், காய்ப்பில் வந்த குறைவு. இவற்றைச் சுற்றி 14 கேள்விகள் போதும் என்பது என் கணக்கு.

தொண்ணூறுகளில் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வீடுகளில் காகிதப் படிவத்தோடு அலைந்தவன் நான். தறி ஓடும்போது பேச்சு கேட்காது. அவர்கள் தேநீர் குடிக்க உட்காரும் நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம். ஒரு பெரியவர் பதில் சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த தாள்களின் தடிமனைப் பார்ப்பார். இரண்டு தாள்தான் மீதி என்று தெரிந்ததும் நிதானமாகப் பேசுவார். கைப்பேசியில் அந்தத் தடிமன் தெரிவதில்லை. அதற்காகத்தான் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் முன்னேற்றப் பட்டை. அதை இயக்கியிருக்கிறீர்கள், ஆனால் 34 கேள்விகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கூகுள் படிவத்தின் பட்டை பக்கங்களைத்தான் எண்ணும், கேள்விகளை எண்ணாது. நான்கு பகுதிகளாகப் பிரியுங்கள். தோப்பில் வெள்ளை ஈ இருக்கிறதா என்பதை முதல் பகுதியில் கேட்டு, இல்லை என்பவரை நேராகக் கடைசிப் பகுதிக்கு அனுப்புங்கள். பலவற்றில் ஒன்றைத் தேர்வதாகவோ கீழ்விரியும் பட்டியலாகவோ கேள்வி இருந்தால்தான் இப்படிக் கிளை பிரிக்க முடியும்.

ஐந்து மருந்துகளை ஐந்து தரங்களில் மதிப்பிடச் சொல்லும் கட்டம், சிறிய திரையில் பக்கவாட்டில் ஓடி மறைகிறது. வலது ஓரத்தில் 'பயனில்லை' என்றொரு நெடுவரிசை இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. தனித்தனிக் கேள்விகளாக்குங்கள். மரங்களின் எண்ணிக்கையில் '120 மரம்' என்று எழுதினால் படிவம் ஏற்காமல் நிற்கிறது. ஏன் என்று தமிழில் சொல்வதில்லை. பிழைச் செய்தியை நீங்களே எழுதலாம்: 'எண்ணை மட்டும் எழுதுங்கள், எடுத்துக்காட்டு 120'.

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். பதில்களின் தொகுப்பைப் பதிலளிப்பவருக்குக் காட்டும் அமைப்பு உங்கள் படிவத்தில் திறந்திருக்கிறது. அனுப்பி முடித்த எவரும் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கலாம். உறுப்பினர் எண்ணும் கடன் தொகையும் அதில் இருக்கின்றன. ஒருவர் கடன் ஊருக்குத் தெரிவது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே மூடுங்கள். கடன் பற்றிய கேள்விக்குப் போட்ட கட்டாயக் குறியையும் எடுத்துவிடுங்கள்.

தென்னையைத் தாக்கும் இந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பதிவானது உங்கள் பொள்ளாச்சியில்தான். அதனோடு இத்தனை ஆண்டுகள் போராடியவர்களின் அனுபவம் உங்கள் விரிதாளுக்கு வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பதில் அனுப்பியதும் தோன்றும் ஆங்கில வரியை மாற்றி, 'உங்கள் பதில் வந்து சேர்ந்தது, நன்றி' என்று தமிழில் போடுங்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற கவலை அவர்களுக்கு இருக்காது.

கேள்வி: மஞ்சள் வியாபாரிகளிடம் ஆய்வு செய்ய லைம்சர்வே என்ற இணையக் கணக்கெடுப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். திரைக்கு ஒரு கேள்வியா, எல்லாம் ஒரே திரையிலா? பாதியில் நிறுத்தித் தொடரும் வசதியை வைக்கலாமா?
மாணவர், ஈரோடு

பதில்: இரண்டுக்கும் நடுவில் தொகுதி தொகுதியாகக் காட்டும் முறை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். திரைக்கு ஒரு கேள்வி என்றால் ஒவ்வொன்றுக்கும் பக்கம் புதிதாக வர வேண்டும். கிடங்குக்குள் சிக்னல் இழுபறியாக இருக்கும். பின்னால் போகும் பொத்தானை வையுங்கள். குவிண்டால் கணக்கைத் தவறாக எழுதியவர் திருத்திக்கொள்ளட்டும்.

பொதுவான இணைப்பில் பாதிப் பதிலைச் சேமிக்க வேண்டுமென்றால் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கச் சொல்லும். ஏலத்துக்கு நடுவே எந்த வியாபாரியும் அதைச் செய்ய மாட்டார். ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யலாம். ஆனால் பதிலில் பெயர் மறைக்கும் அமைப்பை இயக்கினால் அந்த வசதி வேலை செய்யாது. நீங்களோ இருப்பு அளவையும் வாங்கிய விலையையும் கேட்கிறீர்கள். பெயர் மறைப்பையே தேர்ந்தெடுங்கள், தம்பி. அதற்கு ஈடாகக் கேள்விகளைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.