மக்காச்சோளம் போட்டும் வாடல் போகவில்லையே, ஏன்?

கேள்வி: ஐயா, பருத்தியில் வெர்டிசிலியம் வாடல் வந்ததால் இரண்டு வருடம் மக்காச்சோளம் போட்டேன். திரும்பப் பருத்தி விதைத்தால் முன்பைவிட மோசமாக வாடுகிறது. இத்தனைக்கும் இடையில் களைகள்கூடப் பச்சைப்பசேலென்றுதான் நின்றன. பயிர் சுழற்சி என்பதெல்லாம் சும்மாவா?

பதில்: சும்மா இல்லை. மக்காச்சோளம் தன் பங்குக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். வரிசைக்குள் மணத்தக்காளி, முள்ளுக்கீரை, மருளூமத்தை நின்றனவா? அப்படியென்றால் வாடலைக் கொண்டுவரும் வெர்டிசிலியம் பூஞ்சைக்கு இரண்டு வருடமும் சோறு போட்டது அவைதான்.

பச்சைப்பசேலென்று நின்றதை நம்பாதீர்கள். வெர்டிசிலியம் வேர் வழியாக நுழைந்து நீர் ஏறும் குழாய்களில் குடியேறினாலும், பல களைகளில் ஓர் இலைகூட வாடாது. செடி முற்றிக் காயும்போதுதான் அது சுறுசுறுப்பாகும். சாகிற திசுவுக்குள் மிகச்சிறிய கருப்பு முடிச்சுகளை உருவாக்கி வைக்கும். செடி மட்கியதும் அவை மண்ணில் சேரும். 10 வருடத்துக்கு மேலும் உறங்கிக் கிடந்து, பருத்தி வேர் பக்கத்தில் வந்தால் முளைக்கும். இரண்டு வருட இடைவெளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை; அதிலும் களை புதுச் சரக்கு சேர்த்துக்கொண்டே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மக்காச்சோள வருடத்திலும் பருத்திக்குக் காட்டும் அதே கண்டிப்போடு களை எடுங்கள். அகன்ற இலைக் களைகளை முதலில், இளசாக இருக்கும்போதே. வளர்ந்துவிட்டதை வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். முற்றவிட்டு மடக்கி உழுவதுதான் இருப்பதிலேயே கெட்ட வழி. வரப்பையும் விடாதீர்கள். வாடல் கண்ட வயலில் ஓடிய கலப்பையை மண் போகக் கழுவிய பிறகே அடுத்த வயலில் இறக்குங்கள். ஏற்கெனவே மண்ணில் இருக்கும் முடிச்சுகள் மெல்லத்தான் குறையும். அதுவரை வாடலைத் தாங்கும் ரகமாகப் பார்த்து விதைப்பது நல்லது.

கேள்வி: அப்படியானால் புல் வகைகளை விட்டுவிடலாமா?

பதில்: வெர்டிசிலியம் அவற்றைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. அதற்காகப் புல் எல்லாம் அப்பாவி என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் பருத்தியைத் தாக்கும் ஒரு துரு நோய் பருத்தியிலிருந்து பருத்திக்குத் தாவவே தாவாது. பக்கத்தில் வளரும் கிராமா புல்லுக்குப் போய், அங்கிருந்துதான் பருத்திக்குத் திரும்ப வரும். அப்புறம், புல்லோ வேறு களையோ அடர்ந்து நின்றால் காற்றோட்டம் குறையும். இலை நெடுநேரம் ஈரமாகவே இருந்தால் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையால் வரும் இலைப்புள்ளிக்கும் காயழுகலுக்கும் கொண்டாட்டம்தான்.