ஒரு ஏக்கரை ஈடு வைத்து ஐ.ரி. படிக்க வைப்பதா?

கேள்வி: எங்களுக்கு விசுவமடு. இரண்டு ஏக்கர் வயல்தான் சீவியம். மூத்த மகள் கணிதப் பிரிவில் இரண்டாம் தடவையும் ஏ.எல். எழுதி இரண்டு சீ, ஒரு எஸ் எடுத்திருக்கிறாள். என்ஜினியரிங் கிடைக்காது என்று ரியூசன் மாஸ்டர் சொல்லிவிட்டார். ரவுணில் ஒரு நிறுவனம், இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஐ.ரி. பட்டம் என்றும் முடித்ததும் வேலைக்கு உத்தரவாதம் என்றும் சொல்லி 14 இலட்சம் கேட்கிறது. கனடாவில் இருக்கும் என் தம்பி பாதி தருவான். மிச்சத்துக்கு ஒரு ஏக்கரை ஈடு வைக்க வேண்டும். மகளின் அப்பா, அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இருக்கட்டும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெடியன் கொழும்பில் நல்ல சம்பளத்தில் ஐ.ரி. வேலை செய்தவன், இப்போது நிறுத்திவிட்டார்களாம், மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறான். அதைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய்

பதில்: அம்மா, காணி உறுதியை அலுமாரியிலேயே வையுங்கள். ஐ.ரி. படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, வயலை வைத்துப் படிக்க வேண்டாம் என்கிறேன். இரண்டும் வேறு வேறு கதை.

முதலில் அந்த 14 இலட்சம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் கட்டணத்தில் ஒரு பகுதி ஸ்டேர்லிங் பவுணில் இருக்கும். இன்றைய விலைக்கு மாற்றித்தான் உங்களுக்கு 14 என்று சொல்லியிருப்பார்கள். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, சில மாதங்களில் 360ஐத் தொட்டது, பவுணும் அதோடு ஏறியது. அந்த வருடம் இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர் மிச்சக் கட்டணத்துக்கு என்ன பாடு பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே அங்கே போனால், மொத்தக் கட்டணம் ரூபாயில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவீர்களா என்று கேளுங்கள். பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று நீங்களே விசாரியுங்கள், அவர்கள் காட்டும் கடதாசியை நம்ப வேண்டாம். போன வருடம் படித்து முடித்தவர்களில் மூன்று பேரோடு கதைக்க முடியுமா என்றும் கேளுங்கள். வேலை உத்தரவாதம் என்ற சொல்லையும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் தரமாட்டார்கள். எந்தக் கம்பனியும் இன்னொருவர் கொடுத்த உத்தரவாதத்துக்காக ஆள் எடுப்பதில்லை.

சரி, மகளுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? மாஸ்டர் என்ஜினியரிங்கை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கம்பஸ் அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமைப்படி. 55 வீதம் மாவட்டங்களுக்கு. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்த 16க்குள் வருகின்றன. இரண்டு சீ, ஒரு எஸ் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பாடத்தின் கடினத்துக்கேற்பச் சமப்படுத்திப் போடும் இஸட் புள்ளிதான் கணக்கு. எங்கள் பிள்ளைகள் விண்ணப்பத்தில் செய்யும் பெரிய பிழை, யாழ்ப்பாணத்தையும் வவுனியாவையும் மட்டும் போட்டுவிட்டுக் கையை மடக்குவது. கணினி விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம், தகவல் முறைமை என்று பெயர் வேறு வேறாக இருக்கும். வவுனியா, திருகோணமலை வளாகம், சப்ரகமுவ, ஊவா வெல்லஸ்ஸ என்று ஊரும் வேறாக இருக்கும். தகுதி இருக்கிற எல்லாவற்றையும் வரிசையாகப் போடட்டும். ஊவா வெல்லஸ்ஸ இருக்கும் பதுளை தூரம் என்று நீங்கள் யோசிக்கலாம். அங்கே நான்கு வருடப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசில் உதவியும் கிடைக்கும். ரவுணிலுள்ள நிறுவனம் பக்கத்தில்தான், விலை ஒரு ஏக்கர்.

கம்பஸ் கிடைக்காவிட்டால் நான் முதலில் சொல்வது வெளிவாரிப் பட்டம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்துகிறது. வீட்டிலிருந்து இணையத்தில் படிக்கலாம், பரீட்சைக்குத்தான் போக வேண்டும். முதலாம் ஆண்டோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா, மூன்றும் முடித்தால் பட்டம். இடையில் காசு முட்டுப்பட்டாலோ மனம் மாறினாலோ வெறுங்கையோடு வரவேண்டியதில்லை. செலவும் உங்களிடம் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான். ஒரு கஷ்டம் உண்டு: எல்லாமே இங்கிலிஷில். பலர் முதலாம் ஆண்டிலேயே விட்டுவிடுகிறார்கள். தனியாக இருந்து படிக்கிற பழக்கம் இல்லாததுதான் காரணம், மூளை இல்லாததல்ல. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் இதே போன்ற வெளிவாரிப் பட்டம் உண்டு, அதற்குத் தெரிவுப் பரீட்சை வைப்பார்கள்.

பட்டம் வேண்டாம், சீக்கிரம் கையில் ஒரு தொழில் வேண்டும் என்றால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. பரந்தனில் இறங்கி பஸ் மாறினால் போய்விடலாம். அங்கே எடுக்கும் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழை வைத்துப் படிப்படியாக ஏழாம் மட்டம் வரை, அதாவது பட்டம் வரை, போக வழி உண்டு. அப்படியும் தனியார் பட்டம்தான் வேண்டுமென்றால், வயலைத் தொட முன்னர் கல்வி அமைச்சின் வட்டியில்லாக் கடன் திட்டத்தைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் ஐ.ரி. பட்டங்கள் இருக்கின்றன. உங்கள் ரவுண் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இதெல்லாம் கடதாசி. உண்மையில் எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு நேர்முகத் தேர்வில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். மேலுறையில் போட்ட சான்றிதழ்களை எடுத்து நீட்டினாள், நாங்கள் வாங்கி ஓரமாக வைத்தோம். ஏதாவது செய்து வைத்திருக்கிறாயா என்று கேட்டதும் லப்டொப்பைத் திறந்தாள். அப்பாவின் நெல்லுக் கணக்கு. எந்த வயல், வெட்டு மெஷினுக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை மூட்டை, ஈரம் என்று சொல்லி மில்காரர் மூட்டைக்கு எத்தனை கிலோ கழித்தார், கடைசியில் கிலோவுக்கு உண்மையாகக் கையில் வந்தது எவ்வளவு. பார்க்க அழகே இல்லை, பச்சை நிறத்தில் ஒரு பொத்தான், எழுத்தெல்லாம் கோணல். நான் மூட்டை என்ற இடத்தில் பூச்சியம் போட்டேன். புரோகிராம் அப்படியே விழுந்துவிட்டது. பிள்ளை ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். “சேர், வெள்ளம் வந்த வருசத்தை நான் யோசிக்கேல்லை” என்றாள். பத்து நிமிடத்தில் எங்களுக்கு முன்னாலேயே திருத்தினாள். அடுத்த கிழமை வேலைக்கு வந்தாள். அந்தச் சான்றிதழ் மேலுறையை யாரும் திறந்த ஞாபகம் எனக்கில்லை.

இதனால்தான் ஆறு மாதம் கேட்கிறேன். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, அல்லது மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் மென்பொருள் பயிற்சித் தொடரை எடுத்துக்கொண்டு, தினமும் மூன்று மணித்தியாலம் இருக்கட்டும். ஒரு பிழையைத் தேடி இரவு பதினொரு மணி வரை இருந்துவிட்டு, காலையில் மறுபடியும் அதையே திறக்கிற பிள்ளையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் மாஸ்டர் சொன்னது இருக்கிறது, தம்பி சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னதும் இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரியும் இல்லை. இந்த ஆறு மாதத்தில் அது தெரியும்.

அப்புறம் பக்கத்து வீட்டுத் தம்பியின் விஷயம். கொழும்பிலுள்ள கம்பனிகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத்தான் வேலை செய்கின்றன. அங்கே ஒருவர் செலவைக் குறைத்தால் இங்கே ஒரு குழுவே கதிரையில் சும்மா இருக்கும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நிறுத்தின. ஐ.ரி.யில் வேலைப் பாதுகாப்பு என்றால் ஒரே கதிரையில் 30 வருடம் இருப்பதல்ல, ஒரு கதிரை போனால் மூன்று மாதத்தில் இன்னொன்று கிடைக்கிற நிலையில் இருப்பது. அந்தத் தம்பிக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சில வருட அனுபவம் உள்ளவனுக்கு இது முடிவில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள்: நிறுத்தினார்களா, அல்லது தானாக விலகுகிறேன் என்று எழுதி வாங்கினார்களா? 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் பல இடங்களில் விலகல் கடிதத்தை மேசையில் நீட்டி, இன்றைக்கே கையெழுத்து வை என்கிறார்கள். அன்றைக்கே வைக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டு வந்து ஒருவரிடம் காட்டிய பிறகுதான்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு தொடக்க நிலை வேலைகள் மாறிவிட்டதும் உண்மைதான். நான் சேர்ந்த காலத்தில் புதியவர்களுக்குக் கொடுத்த சின்னச் சின்னப் பக்கங்களை இப்போது மெஷின் எழுதிவிடுகிறது. ஆனால் அது எழுதியதை வாசித்து, எங்கே பூச்சியம் போட்டால் விழும் என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். வாடிக்கையாளர் உண்மையில் என்ன கேட்கிறார் என்று இங்கிலிஷில் கேட்டு விளங்கிக்கொள்ளவும் ஆள் வேண்டும். ஆகவே ஸ்போக்கின் இங்கிலிஷ் வகுப்பைவிட, தினமும் இரண்டு பக்கம் தொழில்நுட்பக் குறிப்பு வாசித்து, என்ன விளங்கியது என்று இங்கிலிஷில் பத்து வரி எழுதுவது பிரயோசனம்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கனடாத் தம்பி கட்டாயம் கேட்பார். பயிற்சிக் காலத்தில் கையில் வருவது கொழும்பில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். சில இடங்களில் அதுவும் காணாது, வீட்டிலிருந்து அரிசியும் மிளகாய்த்தூளும் போகும். இரண்டு, மூன்று வருடம் கழித்துத்தான் சம்பளம் எழும்பும். எழும்பினால் வேகமாக எழும்பும். நியமனக் கடிதம் வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்படை 60,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு மகளிடமிருந்து 8 வீதம், 4,800 ரூபாய் கழியும். கம்பனி தன் பங்காக 12 வீதம், 7,200 ரூபாய் போட வேண்டும். அதோடு நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,800 ரூபாய். ஐந்து வருடம் முடித்து விலகினால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. என் முதல் கம்பனி என்னை “கன்சல்டன்ட்” என்று பெயர் போட்டு எடுத்தது. 23 வயதில் அந்தப் பெயர் பெரிய மரியாதையாகத் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து விலகும்போதுதான் என் பெயரில் சேமலாப நிதிக் கணக்கே இல்லை என்று தெரிந்தது. ஒரு சதமும் இல்லை.

அப்பாவின் யோசனையை நான் தள்ளவில்லை. பாடசாலைகளுக்கு ஐ.ரி. ஆசிரியர் வேண்டும், திணைக்களங்களுக்கும் தகவல் தொழில்நுட்பச் சேவைக்கென்று ஆட்சேர்ப்பு நடக்கிறது. ஆனால் அவற்றுக்கும் ஒரு தகுதி கையில் இருக்க வேண்டும். இருந்து பார்ப்பதும் படித்துக்கொண்டு பார்ப்பதும் ஒன்றல்ல என்று அவரிடம் சொல்லுங்கள். விசுவமடுவில் இருந்துகொண்டே வெளிநாட்டு வேலை செய்யலாமா என்றும் மகள் கேட்பாள். செய்யலாம், ஆனால் முதல் வேலையாக அல்ல. முதல் இரண்டு வருடம் நாலு பேர் இருக்கிற அறையில், பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தொழில் பழக வேண்டும்.

கனடாத் தம்பி தருகிற காசில் ஒரு பகுதியை இப்போதே வாங்குங்கள். புது லப்டொப் தேவையில்லை, வவுனியாவில் நல்ல பழைய வியாபார லப்டொப்கள் கிடைக்கும். ரேம் 16 ஜிபி, எஸ்.எஸ்.டி. டிஸ்க் இருக்க வேண்டும். வாங்க முன்னர் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடையிலேயே அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள், கரண்ட் போகிற இடத்தில் பற்றரிதான் உயிர். வீட்டில் எந்த மூலையில் சிக்னல் நல்லது என்று பார்த்து அங்கே மேசையைப் போடுங்கள். காலபோக அறுவடைக் கணக்கு எழுதிய கொப்பி அப்பாவிடம் இருக்குமே, அதையும் மேசையில் வையுங்கள். ஒட்டுசுட்டான் பிள்ளை அங்கேதான் தொடங்கினாள்.