சிறு குழந்தைகளுக்கு வன்முறையற்ற படங்கள்: பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

(மழலையர் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றியபடி, மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் திரையிடல்களையும் நடத்தி வரும் ஒருவர், பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.)

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கு வயது. ‘யு’ சான்றிதழ் பெற்ற படம் என்றால் நம்பி அவளை உட்கார வைக்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பி உட்கார வைக்க வேண்டாம். ஒரு படத்தை எல்லா வயதினருக்கும் கட்டுப்பாடின்றித் திரையிடலாம் என்று திரைப்படத் தணிக்கை வாரியம் தரும் அனுமதியே ‘யு’ சான்றிதழ். அந்தப் படம் நான்கு வயதுக் குழந்தையை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது என்று அது சொல்வதில்லை. தமிழ்நாட்டில் நாம் கூடுதல் கவனத்தோடு இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011இல் தொடங்கி, கேளிக்கை வரி விலக்குப் பெற வேண்டுமானால் தமிழ்த் தலைப்போடு ‘யு’ சான்றிதழும் இருக்க வேண்டும் என்ற விதி இங்கு இருந்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வரும் வரையிலான அந்தக் காலத்தில், அடிதடிப் படங்களை எடுத்தவர்கள்கூடத் தணிக்கையில் சில காட்சிகளை வெட்டிக் கொடுத்து ‘யு’ வாங்க முயன்றார்கள். அப்படி வாங்கிய படங்களில் பல இன்றும் விடுமுறை நாள்களில் தொலைக்காட்சியில் ஓடுகின்றன. ரத்தம் தெறிக்கும் நொடி நீங்கியிருக்கும். அரிவாளோடு துரத்துவதும், கெஞ்சுகிறவனை உதைப்பதும், அதற்கேற்ற பின்னணி இசையும் அப்படியே இருக்கும்.

திரைப்படச் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டிய படங்களுக்கான பழைய ‘யு/ஏ’ பிரிவு, ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பது நல்ல மாற்றம். நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு படத்தைத் தள்ளி வைக்க இந்த எண்கள் உதவும். எனினும் இவை பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. அரங்க வாசலில் யாரும் உங்களை இதற்காகத் தடுக்க மாட்டார்கள். முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: கார்ட்டூன் படங்கள் என்றால் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

பதில்: கவலைப்பட வேண்டும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1988 ஏப்ரலில் ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் இரண்டு அசைபடங்களை ஒரே நாளில், ஒரே காட்சியில் அடுத்தடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டது. ஒன்று ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘மை நெய்பர் டொடோரோ’. இரு சிறுமிகளும் ஒரு காட்டு உயிரும் நட்பாகும் கதை. மற்றொன்று இசாவோ தகாஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’. குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மடியும் கதை. முதல் படம் குழந்தைகளுக்கு என்னிடமுள்ள தலைசிறந்த பரிந்துரை. இரண்டாவது படம் மகத்தான படைப்பாயினும், பத்து வயதுக்குக் கீழ் உள்ள யாருக்கும் அதை நான் காட்ட மாட்டேன். வரைந்த கோடுகளை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

குழந்தைகளுக்கென்றே எடுக்கப்பட்ட படங்களிலும் இது நேர்கிறது. 1942இல் வந்த ‘பாம்பி’யில் மான்குட்டியின் தாயை வேட்டைக்காரன் சுட்டுவிடுகிறான், 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வின் தொடக்கத்திலேயே தாய் மீனும், ஒன்றைத் தவிர மற்ற முட்டைகளும் பெரிய மீனுக்கு இரையாகின்றன. இரண்டிலும் ரத்தம் காட்டப்படுவதில்லை. ஆயினும் மூன்று நான்கு வயதில், தாயைப் பிரிவது என்பது எந்தச் சண்டைக் காட்சியையும்விடப் பெரிய அச்சம். ஆகவே படத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, தாய்க்கோ தந்தைக்கோ ஏதேனும் ஆகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் மகன் தொலைக்காட்சியில் சண்டையைப் பார்த்துவிட்டுத் தங்கையை அடிக்கிறான். படம்தான் காரணமா, அல்லது அந்த வயதின் இயல்பா?

பதில்: அடிப்பது அந்த வயதில் ஓரளவு இயல்பு, ஆனால் எப்படி அடிப்பது, எப்போது அடிப்பது என்பதைக் குழந்தை பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஆறு வயதுக்குள்ளான குழந்தைகளிடம் நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தம்மைத் தனியே விட்டபோது அதே அடிகளை, அவர் சொன்ன அதே சொற்களோடு திரும்பச் செய்தார்கள். 1963இல் அதையே திரைப்படமாகவும், பூனை வேடமிட்ட கார்ட்டூன் பாணிப் படமாகவும் பார்த்த குழந்தைகளும், நேரில் பார்த்தவர்களைப் போலவே அடித்தார்கள்.

இதில் நகைச்சுவையாகக் காட்டப்படும் அடியைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். சுத்தியலால் தலையில் அடித்தால் தலை தட்டையாகி மறுநொடியே பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலி என்ற ஒன்றே அங்கு இல்லை. அதேபோல, லட்டைத் தின்றவுடன் பலம் பெற்று எதிரியை அடித்து வீழ்த்தும் ‘சோட்டா பீம்’ கதைகளில், பல சமயம் அடிதான் சிக்கலுக்குத் தீர்வாக அமைகிறது. மகனைத் திட்டுவதை விட்டுவிட்டு, சில வாரங்கள் அத்தகைய நிகழ்ச்சிகளை நிறுத்தி, வேறு கதைகளை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தீமை தோற்று நன்மை வெல்வதைக் குழந்தை பார்க்க வேண்டாமா? வில்லனே இல்லாத படம் சலிப்பாக இருக்காதா?

பதில்: நன்மை வெல்வதைக் கட்டாயம் பார்க்கட்டும், அது எவ்வழியில் வெல்கிறது என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். சத்யஜித் ராய் தம் தாத்தா உபேந்திரகிஷோர் எழுதிய கதையைக் கொண்டு 1969இல் எடுத்த ‘கூபி காயின் பாகா பாயின்’ படத்தில், போருக்குப் புறப்பட்டு நிற்கிறது ஒரு படை. வீரர்கள் எல்லாரும் பட்டினியில் மெலிந்தவர்கள். பாடகன் கூபியும் மேளக்காரன் பாகாவும் பாட, வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. வீரர்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டுப் பானைகளை நோக்கி ஓடுகிறார்கள். போர் அங்கேயே முடிந்துவிடுகிறது. அநியாயமும் அபாயமும் முடிவும் உள்ள கதைதான் இது. ஓர் அடிகூட இல்லாமல் அது தீர்கிறது. (பேய்களின் நடனம் நீளமாக வரும், ஐந்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அந்தப் பகுதியை ஓட்டிவிடலாம்.) ‘டொடோரோ’விலோ வில்லனே கிடையாது. மழையில் பேருந்து நிறுத்தத்தில் தந்தைக்காகக் காத்திருக்கும் சிறுமி, தலையில் இலையோடு நனைந்து நிற்கும் அந்தப் பெரிய உயிருக்குக் குடையை நீட்டுகிறாள். குடைமேல் விழும் துளிகளின் ஓசை அதற்குப் பிடித்துப் போகிறது. நான் நடத்தும் திரையிடல்களில் குழந்தைகள் மூச்சுவிடாமல் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான்.

கேள்வி: பேரனுக்கு ஐந்து வயது. நரசிம்ம அவதாரம் போன்ற புராணக் கதைகளைப் படமாகக் காட்டலாமா? நம் கதைகளை ஒதுக்க மனம் வரவில்லை.

பதில்: ஐயா, ஒதுக்கவே வேண்டாம், நீங்களே மடியில் வைத்துச் சொல்லுங்கள். தூணைப் பிளந்து நரசிம்மர் வருவதை நீங்கள் சொல்லும்போது, தன்னால் தாங்க முடிந்த அளவுக்கு ஒரு சிங்க முகத்தைக் குழந்தை தானே கற்பனை செய்துகொள்ளும். முகம் வாடினால் நீங்களும் கதையைப் பிரகலாதனின் பக்கம் திருப்பிவிடுவீர்கள். திரைப்படத்தில் அந்த வாய்ப்பு இல்லை: குடலைக் கிழிக்கும் காட்சி, இயக்குநர் நினைத்த அளவிலும் ஒலியிலும்தான் வரும். கண்ணன் வெண்ணெய் திருடியது, விநாயகர் மாம்பழம் பெற்றது போன்றவற்றைப் படமாகக் காட்டலாம். வதங்களைச் சில ஆண்டுகள் கழித்துக் காட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: படத்தில் நல்லவர்தான் உருமாறினார், அதற்கே குழந்தை அலறிவிட்டாள். “இது வெறும் நடிப்பு” என்று சொல்லியும் பயனில்லை.

பதில்: பயனிருக்காது. ஏழு வயதுக்குள்ளான குழந்தை கண்ணுக்குத் தெரிவதைத்தான் நம்புகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர், குழந்தைகளின் திரை அச்சங்களை ஆராய்ந்தபோது, ‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரில் நல்ல மனிதர் பச்சை நிற உருவமாக மாறும் காட்சிதான் மழலையரை மிகவும் அச்சுறுத்தியது என்று கண்டார். இருவரும் ஒருவரே, அவர் உதவத்தான் வருகிறார் என்பது அந்த வயதுக்கு எட்டவில்லை. எனவே விளக்கம் சொல்வதை விட்டு, படத்தை நிறுத்துங்கள், விளக்கைப் போடுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள். மறுநாள் அவளாகப் பேச்செடுத்தால், அந்த உருவத்தை வரையச் சொல்லி அதற்கு ஒரு குல்லாய் போடச் சொல்லலாம்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தையைத் திரையரங்குக்கு அழைத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கூட்டமைப்பின் அறிவுரை. அரங்கின் ஒலியும் இருட்டும் இடையில் வரும் பிற படங்களின் முன்னோட்டங்களும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதவை.

கேள்வி: குழந்தைகளே நடித்த தமிழ்ப் படங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் காட்டலாமா? வேறு சில பெயர்களும் சொல்லுங்கள்.

பதில்: குழந்தை நடித்த படமும் குழந்தைக்கான படமும் பல சமயம் வேறு வேறு. 1990இல் வந்த ‘அஞ்சலி’யின் பாடல்களைக் குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள், படமோ அந்தக் குழந்தையின் மரணத்தில் முடிகிறது. தேசிய விருது பெற்ற ‘காக்கா முட்டை’யைப் பெரிதும் மதிக்கிறேன், ஆயினும் கடை வாசலில் சிறுவன் அறை வாங்கும் காட்சியின் பொருள் எட்டு வயதுக்கு மேல்தான் புரியும், அப்போது உடனிருந்து பார்ப்பது நல்லது.

மூன்று நான்கு வயதினருக்கு 2011இல் வந்த ‘வின்னி தி பூ’ பொருந்தும். ஒரு மணி நேரத்தை ஒட்டிய படம், அடிதடி இல்லை. ‘டொடோரோ’வில் தாய் மருத்துவமனையில் இருப்பதும், காணாமற்போன தங்கையைத் தேடிக் குளத்தில் துழாவுவதும் வரும், “தங்கை கிடைத்துவிடுவாள்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்து வயதுக்கு மேல், 1956இல் வந்த பிரெஞ்சுப் படமான ‘சிவப்பு பலூன்’; சுமார் 35 நிமிடம்தான், பேச்சு மிகக் குறைவு என்பதால் மொழி தடையாகாது. போக்கிரிச் சிறுவர்கள் பலூனைக் கல்லால் அடித்து உடைக்கும் இடத்தில் சில குழந்தைகள் அழுவார்கள். அடுத்து வருவதைப் பார்த்துத் துள்ளுவார்கள். ஏழெட்டு வயதில் ஈரானின் மஜித் மஜிதி 1997இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ காட்டலாம். ஒரே ஜோடிக் காலணியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடும் கதை. வசனங்களை நீங்கள் அருகிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: முழுப் படத்தையும் முன்கூட்டியே பார்க்க எங்களுக்கு நேரமில்லை. வீட்டில் பதினொரு வயது மூத்தவனும் இருக்கிறான்.

பதில்: முதல் பதினைந்து நிமிடத்தையும் கடைசி அரை மணி நேரத்தையும் பாருங்கள். பெற்றோரின் இழப்பு பெரும்பாலும் தொடக்கத்தில் வரும். மோதல் கடைசியில் வரும். அந்த மோதல் எதனால் தீர்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் பாதி முடிவு கிடைத்துவிடும். மீதிக்கு, இணையத்தில் பார்வையாளர்கள் எழுதி வைக்கும் பெற்றோர் வழிகாட்டிப் பகுதியைப் படிக்கலாம்; வன்முறை, அச்சமூட்டும் காட்சிகள் என்று தலைப்பு வாரியாக இருக்கும். ஓடிடி தளங்கள் வயது வகையைக் காட்ட வேண்டும், பதின்மூன்று வயதுக்கும் அதற்கு மேலும் குறிக்கப்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்பது 2021 முதல் விதி. இளையவளுக்குத் தனிக் கணக்குத் தொடங்கி, மூத்தவனின் கணக்குக்குக் கடவுச்சொல் வையுங்கள். மூத்தவனின் படத்தை அவள் உறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் விளையாடினாலும் ஒலி அவளுக்குக் கேட்கும்.