எரிவாயுக் கிணற்றுக்குப் பக்கத்தில் வீடு: அரை மைல் போதுமா?

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறோம். பக்கத்து வாஷிங்டன் கவுண்டியில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. குடிநீர் அந்த வீட்டு போர்வெல்லிலிருந்துதான். அரை மைல் தள்ளி ஃபிராக்கிங் கிணறுகள் (ஆழத்துப் பாறையில் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி, விரிசல் உண்டாக்கி எரிவாயு எடுப்பவை) இருக்கின்றன. "துளை போட்டு முடித்துப் பல வருஷம் ஆச்சு, பயமில்லை" என்கிறார் ஏஜென்ட். சின்னவனுக்கு வீசிங் உண்டு. வாங்கலாமா?

பதில்: அரை மைல் என்றால் 2,640 அடி. பென்சில்வேனியாவில் 2012-இல் வந்த 'ஆக்ட் 13' சட்டப்படி, ஃபிராக்கிங் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் குடிநீர், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் கெட்டுப்போனால், கம்பெனிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. 2,500 அடியைத் தாண்டிவிட்டால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழுகிறது. அதுவும் கிணறு செங்குத்தாக இறங்கும் இடத்திலிருந்துதான் அளப்பார்கள். அங்கிருந்து பக்கவாட்டில் போகும் துளை உங்கள் சமையலறைக்கு நேர் கீழே ஓடினாலும் கணக்கில் வராது. அதனால் ஏஜென்ட் சொல்லும் தூரத்தை நம்பாமல், மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் இணைய வரைபடத்தில் நீங்களே பாருங்கள். அதே இடத்தில் புதிதாகத் தோண்ட அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பதும் தெரியும். ஒரே தளத்தில் பல கிணறுகள் போடுவது வழக்கம். புதுக் கிணறு ஒவ்வொன்றுக்கும் 12 மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

வாயு இருக்கும் மார்செல்லஸ் பாறை சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. வீட்டு போர்வெல் சில நூறு அடிதான். பாறையில் விழும் விரிசல் அவ்வளவு தூரம் மேலேறி வருவது அரிது. ஆபத்து பெரும்பாலும் மேலேதான்: எரிவாயுக் கிணற்றின் உறைக்குழாயைச் சுற்றிய சிமென்ட் சரியாகப் பிடிக்காத இடுக்கு வழியே மீத்தேன் (எரிவாயுவில் பெரும்பகுதி இதுதான்) ஏறிவரும், அல்லது கிணற்றிலிருந்து திரும்பி வரும் கடும் உப்புக் கழிவுநீர் தரையில் சிந்தும். இதே மாநிலத்தின் டிமக் ஊரில் 2009 புத்தாண்டு நாளில் மீத்தேன் சேர்ந்து ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு வெடித்தது. பொதுக் குடிநீர்க் குழாய்க்கு அங்கே தோண்டிய கம்பெனி பணம் தர ஒப்புக்கொண்டது 2022-இல், கிரிமினல் வழக்கு முடிவுக்கு வந்தபோதுதான். அத்தனை வருஷம் அந்த மக்கள் தண்ணீருக்குத் திண்டாடியது நியாயமே இல்லை. மத்திய அரசின் பாதுகாப்பையும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. டீசல் கலந்தால் ஒழிய, ஃபிராக்கிங்குக்கு 2005-லேயே குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். வழக்கமான கோலிஃபார்ம் கிருமி, நைட்ரேட் சோதனை போதாது. மீத்தேன், ஈத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, கரைந்த உப்புகளின் மொத்த அளவு எல்லாம் வேண்டும். மாநில அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே வந்து மாதிரி எடுத்து, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதி வைக்க வேண்டும். நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் நாளை நீதிமன்றத்தில் நிற்காது. இந்தப் பகுதி நிலத்தடி நீரில் மீத்தேன் இயற்கையாகவே இருப்பதும் உண்டு. இன்றைய அளவு ஏட்டில் இல்லாவிட்டால், பின்னால் கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கிணற்று மீத்தேனுக்கு வாசனை கிடையாது. அடுப்பு வாயுவில் நாம் முகர்வது பிறகு சேர்க்கும் மணம்தான். ஆர்ஓ ஃபில்டரும் இதைப் பிடிக்காது. லிட்டருக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால் மாநிலம் அதைக் கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருக்கிறது.

வாங்கிய பிறகு புதுக் கிணறு தோண்டுமுன் கம்பெனி ஆட்கள் தண்ணீர் மாதிரி கேட்டு வந்தால் கட்டாயம் விடுங்கள். மறுத்தால் மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு போய்விடும்.

சரி, தண்ணீருக்கு வழி இருக்கிறது. காற்றுக்கு இல்லை. உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தருவது சின்னவனின் வீசிங்தான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இந்த வட்டாரத்தை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவில், ஃபிராக்கிங் கிணறுகளுக்கு அருகில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமா தீவிரமாவதோடு வலுவான தொடர்பு தெரிந்தது. அதுவும் தோண்டும் காலத்தில் இல்லை, வாயு எடுக்கும் காலத்தில். உங்கள் ஏஜென்ட் 'முடிந்துவிட்டது' என்று சொல்வதற்கு அப்புறம் வரும் காலம் அது. ஒரு மைலுக்குள் வசித்த குழந்தைகளிடம் லிம்போமா புற்றுநோயும் கூடுதலாகக் காணப்பட்டது. அது அரிய நோய்தான். என் குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை இருந்தால் இந்த வீட்டை விட்டுவிடுவேன்.

ஆனாலும் வாங்குவதென்று முடிவெடுத்தால், நிலத்தோடு கீழே உள்ள கனிம உரிமையும் வருகிறதா என்று வக்கீலை வைத்துப் பத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே அது தனியாக விற்கப்பட்டிருப்பது சகஜம். அது வேறொருவர் கையில் இருந்தால், வாயு எடுக்கத் தேவையான அளவுக்கு உங்கள் தரையைப் பயன்படுத்தவும் அவருக்கு உரிமை உண்டு.