ஆவி கூப்பிட்ட காலம்

கேள்வி: அக்கா, 1920ல லண்டன்ல நடக்குற ஆவி மர்ம நாவல் சீரிஸ் ஒன்னு, மூணு புக்கு முடிச்சிட்டேன், தூக்கமே போச்சு. மேசைய சுத்தி உக்காந்து செத்தவங்கள கூப்பிடுறாங்களே, அதெல்லாம் நெசமா நடந்துச்சா? – வாசகி, பத்து காஜா

பதில்: நடந்துச்சும்மா. 1914லேந்து 18 வரைக்கும் மொதல் உலகச் சண்ட, அது முடியறதுக்குள்ள விஷக்காய்ச்சல், வீட்டுக்கு வீடு சாவு, பிள்ளையோட ஒடம்பக்கூட பாக்காத தாய்ங்க எத்தன பேரு, அவங்க மீடியம்கிட்ட, அதாவது ஆவியோட பேசுறேன்னு சொல்றவங்ககிட்ட, போனதுல என்ன தப்பு சொல்லுங்க. ஷெர்லாக் ஹோம்ஸ எழுதுன கோனன் டாயிலே ஆவிய முழுசா நம்புனவரு, அவரு மகனும் 1918ல காய்ச்சல்லதான் போனாரு. அவரு கூட்டாளி மேஜிக்காரர் ஹூடினி, அம்மா மேல உசுரு. 1922ல டாயில் சம்சாரம், ஹூடினியோட செத்துப்போன அம்மா ஆவி சொல்லுதுன்னு பக்கம் பக்கமா எழுதிக் குடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ்ல, ஹூடினி அம்மாவுக்கோ இங்கிலீஷ் சரியா வராது! அந்த சினேகம் அதோட ஒடஞ்சிருச்சு. எனக்கு எந்தப் பேயவிடவும் இதுதான் மனசுல நிக்குது.

சீரிஸ வரிசையாவே படிங்க, துப்பறியிறவரோட சொந்த சோகம் புக்குக்கு புக்கு கொஞ்சமாத்தான் வெளிய வரும்.

உங்க ஊரு பக்கத்துலயே கெல்லி கோட்டை இருக்குல்ல, அதுவும் அதே காலந்தான். கட்டுன நம்ம ஆளுங்க காய்ச்சல்ல செத்தாங்க, கோட்டையக் கட்டவெச்ச வெள்ளக்கார தொரை கெல்லி ஸ்மித் அவங்களுக்கு கோயிலு கட்டிக் குடுத்தாரு, 1926ல லிஸ்பன்ல அவரும் போயிட்டாரு, கோட்ட பாதியில நின்னுருச்சு. நாலாவது புக்க எடுத்துட்டு ஒரு சாயங்காலம் அங்க போயி உக்காந்து படிங்க.