சுங்கை சிப்புட் போக்கர் ஆட்டம்: டர்னில் ஃப்ளஷைத் துரத்தலாமா?

டர்னில், அதாவது மேசையில் நான்காவது சீட்டு திறந்த பிறகு, ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) இன்னும் ஒரு ஹார்ட் தேவைப்பட்டபோது பணம் போட்டது சரியா என்று கேட்கிறீர்கள். அந்த இடத்தில் ஃபோல்ட்தான், சீட்டைக் கீழே போட்டுவிட வேண்டும். பாட்டில் (நடுவில் சேர்ந்த பணம்) 100 வெள்ளி (ரிங்கிட்), எதிராளி 80 வைத்தார், அவரிடம் மீதி 60தான் என்கிறீர்கள். 80 போட்டு 180 எடுக்க 31% வாய்ப்பாவது வேண்டும். தெரியாத 46 சீட்டில் ஹார்ட் சீட்டுகள் ஒன்பதுதான், 20%கூட இல்லை. ரிவரில் (கடைசி, ஐந்தாவது சீட்டு) அவருடைய 60ஐயும் கறந்தாலும் கட்டாது, அங்கே மொத்தம் 150ஆவது கிடைக்க வேண்டும்.

ஃப்ளாப்பில் (முதல் மூன்று சீட்டு திறந்ததும்) சொல்கிற 35%ஐ டர்னிலும் பிடித்துக்கொண்டீர்கள் போல. அது இன்னும் இரண்டு சீட்டு வரவிருக்கும்போது போடுகிற கணக்கு.

இனி கால் பண்ணுமுன் (எதிராளி வைத்த தொகையை நீங்களும் போடுமுன்) அவரிடம் மீதியிருக்கும் சிப்பை எண்ணுங்கள். 300 இருந்து, ஃப்ளஷ் விழுந்த பிறகும் அள்ளிக் கொடுக்கிற ஆளென்றால் சரி, போடலாம். தோட்டத்துப் பக்கம் அப்படி ஒருவராவது உட்கார்ந்திருப்பார்!

ஆனால் உங்களிடம் இருந்தது 8-7. அதைவிடப் பெரிய ஹார்ட் சீட்டு வைத்திருப்பவரிடம் மாட்டினால், ஃப்ளஷ் விழுந்தும் மொத்தமும் போகும். அப்புறம், கடைமாடி ஆட்டமென்றால் மலேசியாவின் 1953ஆம் ஆண்டுச் சூதாட்ட விடுதிச் சட்டமும் இருக்கிறது.