லாரி பட்டறையில் நிற்கும் நாட்களைக் குறைக்க எந்த ஸ்பேரைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

கேள்வி: சங்ககிரியில் 4 டாரஸ் வண்டி (பல சக்கரக் கனரக லாரி) ஓட்டுகிறோம். சிமெண்ட், கம்பி லோடு. பழுது என்று பட்டறைக்குப் போனால் 3 நாள், 4 நாள் நின்றுவிடுகிறது. ஸ்பேர் வாங்கி ஸ்டாக் வைத்தால் இது குறையுமா? எவ்வளவு பணம் முடங்கும்?

பதில்:

நிச்சயம் குறையும். அதற்குக் குடோன் நிறைய சாமான் வேண்டியதில்லை, சரியாகத் தேர்ந்தெடுத்தால் 4 வண்டிக்கு ஒரு இரும்பு அலமாரி போதும். சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் பராமரிப்பையும் சாமான் அறையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அடுத்த முறை வண்டி பட்டறைக்குள் போனதும் ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எப்போது வந்தது, எப்போது கழற்றினார்கள், எந்த நேரத்தில் சாமான் கேட்டார்கள், அது எப்போது வந்தது, எப்போது மாட்டி முடித்தார்கள். கூட்டிப் பார்த்தால் மெக்கானிக்கின் கை வேலை சில மணி நேரம்தான் இருக்கும். மீதி முழுவதும் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பிலும் பாதி, என்ன சாமான் என்று சரியாகத் தெரியாததால் வருவது. நல்ல மெக்கானிக் கிடைக்கவில்லை என்று பட்டறை பட்டறையாக மாற்றிக்கொண்டிருக்கும் ஓனர்கள் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

வண்டி நின்றால் போகும் பணத்தையும் கணக்கிட்டு வையுங்கள். தவணை மாதம் 75,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளுக்கு 2,500 ரூபாய் போகிறது. அதோடு இன்சூரன்ஸ், ரோடு டேக்ஸ், பர்மிட், டிரைவர் சம்பளம். கைக்கு வராமல் போன வாடகை தனி. இந்த மொத்தத்தை ஒரு நாளுக்கு இவ்வளவு என்று எழுதி அலமாரிக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். எந்தச் சாமானில் பணம் போடலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த எண்ணோடு ஒப்பிட்டால் முடிவெடுப்பது எளிது.

இனி சாமானை அடையாளம் காண்பது. ஒரே மாடல் பெயரில் வந்த இரண்டு வண்டிகளில் கூட கிளட்ச் பிளேட்டின் அளவோ ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சீலோ வேறாக இருக்கும். கம்பெனி நடு வருடத்தில் சாமானை மாற்றியிருக்கும், பழைய பார்ட் நம்பருக்குப் பதில் புது நம்பர் வந்திருக்கும். கடையில் போய் "3118-க்கு வீல் சீல் கொடுங்க" என்று மாடல் நம்பரை மட்டும் சொல்லிக் கேட்டால் அவர் கொடுப்பது மாட்டாமல் திரும்பி வரும். அதிலேயே ஒரு நாள் போய்விடும். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், கியர் பாக்ஸ் வகை, பின் ஆக்சில் வகை, எந்த மாதம் தயாரான வண்டி என்று மேலே எழுதுங்கள். அதன் கீழே அடிக்கடி மாறும் சாமான்களின் பார்ட் நம்பர். டீலரிடம் சேஸிஸ் நம்பரைச் சொன்னால் அந்த வண்டிக்கான சரியான நம்பரை எடுத்துத் தருவார்கள். ஒரு மதியம் உட்கார்ந்தால் 4 வண்டிக்கும் முடித்துவிடலாம். காசு செலவில்லாத வேலை இது, பலனோ எல்லாவற்றையும் விட அதிகம். சாமான் மாற்றும்போதெல்லாம் பழையதைத் தூக்கிப் போடும் முன் அதில் பதிந்திருக்கும் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாமானைத் தனித்தனியாக வாங்கி அடுக்குவதை விட, ஒரு வேலைக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வையுங்கள். பின் ஹப்பைத் திறந்தால் என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். உள் பேரிங், வெளி பேரிங், வீல் சீல், லாக் வாஷர், ஆக்சில் பேக்கிங், கிரீஸ். சீல் கசிந்து எண்ணெய் இறங்கியிருந்தால் பிரேக் லைனரும் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பட்டை) ரிவெட்டும் வேண்டும், ஏனென்றால் எண்ணெய் குடித்த லைனரைத் துடைத்துப் போட்டால் பிரேக் பிடிக்காது. இதில் ஒரு பேக்கிங் மட்டும் இல்லை என்றாலும் வண்டி ஜாக்கி மேலேயே நிற்கும். விலை கூடிய பேரிங் இரண்டும் மேஜை மேல் தயாராக இருக்கும், சில்லறைக் காசு வாஷருக்காக ஆளை டவுனுக்கு அனுப்பிக் காத்திருப்போம். கிளட்ச் வேலையும் அப்படியே. கியர் பாக்ஸை இறக்கிவிட்டால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கியர் பாக்ஸ் முன் ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவையில் பார்த்துவிட வேண்டும். பழைய ரிலீஸ் பேரிங்கையே போட்டு மூடினால் சில மாதத்தில் அதற்காகவே மறுபடி கியர் பாக்ஸை இறக்க நேரும். கமான் பட்டைக்கு (வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டை) ஒரு பை: மெயின் பட்டை, சென்டர் போல்ட், யு போல்ட் நட்டுடன், புஷ், ஷேக்கிள் பின். யு போல்ட் தளர்ந்து ஓடுவதால்தான் சென்டர் போல்ட் பெரும்பாலும் அறுகிறது. அதனால் பட்டை வேலை முடிந்த வண்டி முதல் லோடு அடித்து வந்ததும் யு போல்ட்டை மறுபடி டைட் வைக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பையை முதலில் கட்டுவது என்பதை வண்டி ஓடும் ரூட் தீர்மானிக்கும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ம் நம்பர் நெடுஞ்சாலையும் கொச்சிக்குப் போகும் 544-ம் சேலத்தில் சேர்கின்றன. கொச்சி ரூட்டில் ஓடும் வண்டியை விட, பெங்களூரிலிருந்து தர்மபுரி வழியாக லோடோடு தொப்பூர் கணவாய் இறங்கி வரும் வண்டிக்கு லைனர் சீக்கிரம் தேயும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு ஜல்லியும் எம்.சாண்டும் கொண்டுபோகும் டிப்பருக்கு ஏறும்போது கிளட்ச், இறங்கும்போது பிரேக். கேரளா ரூட் வண்டியில் மழைத் தண்ணீர் ஹப்புக்குள் போகும், வைப்பர், லைட் ஒயரிங் தொந்தரவும் அதிகம். போன வருடப் பில்களை எடுத்து ரூட் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் உங்கள் வண்டிகள் எதைத் தின்கின்றன என்று தெரிந்துவிடும்.

ஏர் பிரேக் சாமானில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பின் சக்கரத்து பிரேக்கை இயக்கும் டப்பாதான் ஸ்பிரிங் பிரேக் சேம்பர். அதில் காற்று அழுத்தம்தான் ஸ்பிரிங்கைப் பின்னால் தள்ளிப் பிடித்திருக்கிறது. டயாப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் தகடு) கிழிந்தோ ஹோஸ் வெடித்தோ காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். தொப்பூர் இறக்கத்தில் அப்படி ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிற எல்லோருக்கும் ஆபத்து. "அண்ணா, ஏர் நிக்க மாட்டேங்குது" என்று டிரைவர் போன் செய்தால், கொடுத்து அனுப்ப ஒரு சேம்பர், இரண்டு ஹோஸ், ஒரு குவிக் ரிலீஸ் வால்வு, ஒரு ரிலே வால்வு எப்போதும் நம்மிடம் இருக்க வேண்டும். சேம்பரை முழுசாக மாற்றுவதே சரி. ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தை ரோட்டோரத்தில் யாரும் பிரிக்கக் கூடாது, உள்ளே அழுந்தி இருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆள் உயிருக்கே ஆபத்து. ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜைக் காலத்தில் மாற்றுங்கள். அது அடைத்துப் போனால் தண்ணீரும் கம்ப்ரஸர் எண்ணெயும் உள்ளே போய் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கெடுக்கும்.

நேரத்தை மிகவும் மிச்சப்படுத்தும் இன்னொரு வழி, சரி செய்த யூனிட்டைத் தயாராக வைத்திருப்பது. டைனமோ, செல்ப் மோட்டார், வாட்டர் பம்ப், ஏர் கம்ப்ரஸர் இவற்றில் ஒவ்வொன்று பழுது பார்த்துச் சோதித்து அலமாரியில் இருக்கட்டும். வண்டி வந்ததும் கெட்டதைக் கழற்றி இதை மாட்டி அனுப்பிவிடலாம். கெட்டதை அப்புறம் நிதானமாக எலக்ட்ரீஷியனிடமோ மெக்கானிக்கிடமோ கொடுத்துச் சரி செய்து அதே இடத்தில் வைக்கலாம். வண்டி காத்திருக்கும்போது அவசரத்தில் செய்யும் வேலையை விட இந்த வேலை சுத்தமாகவும் இருக்கும். 4 வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றால் இதற்குச் செலவு குறைவு. அடுத்த வண்டி வாங்கும்போது இதையும் மனதில் வையுங்கள். விலையில் கொஞ்சம் சலுகை தருகிறார்கள் என்று வேறு கம்பெனி வண்டி எடுத்தால் அலமாரியை இரண்டாக்க வேண்டியிருக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி இருந்தால் தனியாக யோசிக்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பும் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்று கண்காணிக்கும் நாக்ஸ் சென்சார்களும் இதில் இருக்கின்றன. சென்சார் கெட்டால் முதலில் விளக்கு எரியும், கவனிக்காவிட்டால் இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும். லோடு வண்டி மேட்டில் ஏறாது. சென்சார் விலை கூடியதுதான், ஆனாலும் 4 வண்டிக்கும் பொதுவாக ஒன்று வைத்திருப்பது லாபம். மாட்டிய பிறகு ஸ்கேனர் போட்டு எர்ரரை அழிக்க வேண்டியிருக்கும், அந்தக் கருவி வைத்திருப்பவர் யார் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யூரியா கரைசலை மட்டும் நிறைய வாங்கி அடுக்க வேண்டாம். 25 டிகிரி வெப்பத்தில் 18 மாதம் தாங்கும் அது 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் வைத்தால் அதற்கும் முன்பே கெடும்.

வாங்கி வைக்கக் கூடாததும் இருக்கிறது. கிராங்க் ஷாப்ட், கிரவுன் பினியன், இன்ஜின் ஹெட், டர்போ இவற்றில் பணத்தைப் போட்டால் வருடக்கணக்கில் தூங்கும். அவை எப்போதாவதுதான் போகும், போகும்போது டீலரிடம் சொல்லி வரவழைப்பதுதான் முறை. ஓசூரில் லேலண்டு தொழிற்சாலை இருப்பதால் சாமான் உடனே வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே வண்டி செய்கிறார்கள், நமக்குச் சாமான் வருவது டீலர் வழியாகத்தான். ரப்பர் சாமானையும் அளவோடு வாங்குங்கள். பெல்ட், ஹோஸ், சீல் எல்லாம் சும்மா இருந்தாலே இறுகும். பழையதை முதலில் எடுத்து மாட்டும்படி, வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். எத்தனை வைப்பது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். மாதம் 4 வீல் சீல் செலவாகிறது, கடைக்கு வர ஒரு வாரம் ஆகிறது என்றால் அந்த ஒரு வாரத்துக்கு 1, அவசரத்துக்கு இன்னொன்று. கையிருப்பு 2 ஆனதும் ஆர்டர் போட்டுவிட வேண்டும். 20 வாங்கி வைத்தால் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் மாடல் மாறிய பிறகு மீதியை யாரும் வாங்க மாட்டார்கள்.

வண்டி நம் ஊரில்தான் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கேபினுக்குள் ஒரு பெட்டியில் பேன் பெல்ட், டீசல் பில்டர், வாட்டர் செபரேட்டர் பில்டர், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப், ஏர் ஹோஸ், ஃபியூஸ், பல்பு, வீல் போல்ட் நட்டு இருந்தால் பாதித் தொந்தரவு ரோட்டிலேயே தீர்ந்துவிடும். அதற்கு மேல் போனால் டிரைவர் சாமானைப் போட்டோ எடுத்து அனுப்ப, நாம் நோட்டைப் பார்த்து நம்பரைச் சொல்ல, அவர் இருக்கும் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டால் சென்னைக்கோ பெங்களூருக்கோ விடியும்போது போய்ச் சேரும்.

கடைக்காரரோடு நல்ல பழக்கம் வேண்டும். பாக்கியைச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி கெட்ட வண்டி திங்கட்கிழமை மதியம் வரை நிற்பதும் நிற்காததும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. டூப்ளிகேட் சாமானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பம்பர், மட்கார்டு, லைட் கண்ணாடி உள்ளூர் சாமானாக இருந்தால் பரவாயில்லை. பிரேக், ஸ்டியரிங், வீல் பேரிங் மூன்றிலும் கம்பெனி சாமான் மட்டும்தான், பில்லோடு. இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்த வண்டி பாகங்களுக்கும் 18 சதவீதம்தான். பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடிக்கும் ஆசையை இனியாவது விட்டுவிடலாம்.

பணம் எவ்வளவு முடங்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். முதல் மாதம் நோட்டும் கேபின் பெட்டியும். அடுத்து ஏர் பிரேக் சாமான், ஹப் பை. அதற்கு அடுத்த மாதம் ஒரு கிளட்ச் செட். மேலே சொன்ன ஒரு நாள் நஷ்டத்தை வைத்துப் பார்த்தால், வண்டிக்கு வருடத்தில் எத்தனை நாள் மிச்சமானால் இந்தப் பணம் திரும்பும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டைனமோ, கம்ப்ரஸர், நாக்ஸ் சென்சார் மாதிரி விலை கூடியவற்றுக்கு, அதே மாடல் வண்டி வைத்திருக்கும் பக்கத்து ஓனர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பொதுவாக ஒன்று வாங்குங்கள். எடுத்தவர் ஒரு வாரத்தில் திரும்ப வைத்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சங்ககிரியில் ஓனர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள், இது நடக்கக் கூடியதுதான்.

உங்கள் 4 வண்டியும் எந்த மாடல், எந்த வருடம், அதிகம் ஓடுவது எந்த ரூட் என்று கீழே எழுதுங்கள். முதலில் வாங்க வேண்டிய பட்டியலை வண்டி வாரியாகப் போட்டுத் தருகிறேன்.